துப்பாமல் விழுங்கிய ஷெர்ரி

ஏ புள்ள, எப்படி இருக்க? முழங்கால் வலி கொறஞ்சுதா? பெரியவன் உன் பேச்சக் கேக்குறானா?

எனக்கு ஒரு கொறையும் இல்ல. இந்த ஒயின் கிடங்குல பீப்பாய் கழுவிக் கழுவிக் கைதான் ஊறிக் கெடக்கு. நேத்து மேஸ்திரி ஒரு கிளாஸ நீட்டி, "ஒனக்கு நல்ல மூக்குய்யா, ருசி பாக்குற வேலைக்கு வர்றியா?"ன்னார். உங்கம்மா கேலி பண்ணுவாங்களே, அதே மூக்குதான். கிளாஸுக்குள்ள நம்மள விட வயசான ஷெர்ரி, அதான் இங்கத்துத் திராட்சை ஒயின், காய்ச்சின வெல்லப்பாகு மாதிரி கறுப்பு.

உங்கப்பாவக் குடி கொண்டுபோன அன்னைக்கு, சொட்டுகூடத் தொண்டையில எறங்காதுன்னு உனக்குச் சத்தியம் பண்ணினேன். இங்க ருசி பாக்குற எல்லாரும் வாயில வெச்சு உருட்டிட்டுத் துப்பிடுறாங்க, அதனால துணிஞ்சு வாங்கினேன். மொதல்ல உலர்ந்த திராட்சை, அப்புறம் வறுத்த கொட்டை, கடைசியில லேசாக் கசப்பு. துப்பலாம்னு திரும்பினா எதிர்ல மொதலாளி. பெரிய மனுசன் மூஞ்சிக்கு முன்னால எப்படித் துப்புறது? முழுங்கிட்டேன்.

"யோவ், குடிக்கவா சம்பளம்?"னு மேஸ்திரி சிரிச்சார்.

சாயங்காலம் வரைக்கும் அந்த இனிப்பு நாக்குலயே நின்னுச்சு. சொல்லத்தான் பக்கத்துல ஆள் இல்ல. நீ வேண்டாம்னா பீப்பாயே கழுவுறேன். ஊசியும் கறுப்பு நூலும் அனுப்பு, ரெண்டு வரி திட்டியாவது எழுது. இந்தா, மேஸ்திரி கிளாஸும் கையுமா கூப்பிடுறார். உன் பதில் வர்ற வரைக்கும் அத நான் வாயில வெச்சுத் துப்பிடுறேன், முழுங்க மாட்டேன்.