முந்நூற்று அறுபது டிகிரியும் என் பொறுப்பு

6 பிப்ரவரி 2007

சென்னைப் புகைப்படக்காரர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. பனோரமா படக்காரர் என்று சான்றிதழ் வேண்டுமானால் ஐந்து படங்கள் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் சுற்றி நின்று எடுத்து ஒட்டிய முழுச் சுற்று. ஒட்டு தெரியக் கூடாது. இருந்ததை அழிக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. அப்படியென்று கையெழுத்தும் போட வேண்டும். பதினோரு வருடம் கல்யாண ஆல்பத்தில் வழுக்கை மாப்பிள்ளைகளுக்கு முடி வைத்தவள் நான். என்னிடம் போய்!

ஸ்டூடியோ முதலாளியும் என் அண்ணனுமான ராயப்பராஜ் கடிதத்தைப் படித்தான். "ஏ ரூபி, நம்ம கேமராவுக்கு முன்னாடி நிக்கவே ஆளக் காணோம். நீ பின்னாடியும் சேத்து எடுக்கப் போறியா?"

18 பிப்ரவரி

மலைக்கோட்டை உச்சியில் முதல் படம். பழனிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேமரா திரும்பத் திரும்பக் கூடவே நகர்ந்தார். "ஏனுங்க, நான் மறைக்கறனுங்களா?" இல்லை என்றேன். கணினியில் ஒட்டிப் பார்த்தால் நான்கு பெரியவர்கள். நால்வரும் என்னையே முறைக்கிறார்கள்.

3 மார்ச்

மறுபடி ஏறினேன். படம் தேறியது. முழங்கால் தேறவில்லை.

21 மார்ச்

நான்கு முடிந்தது. ஐந்தாவதற்கு வேடசந்தூர் பக்கம் ஒரு நூல்மில். அவர்கள் வெப்சைட்டுக்கும் அதே படம்தான். அண்ணன் மூன்று வருடம் அலைந்து பிடித்த ஆர்டர்.

அவசர வழிக் கதவை மறைத்து ஆளுயரத்துக்குப் பஞ்சுப் பொதி. நகர்த்தச் சொன்னேன். "அதெல்லாம் கம்ப்யூட்டர்லயே அழிச்சுக்கம்மா" என்றார் மேனேஜர்.

அவர் போனதும் மெஷினில் நின்ற ஜீவிதா என்ற பெண் சொன்னாள்: "அழிக்கிறதுதான் அழிக்கிறீங்க, நெசத்துலயும் அழிச்சுட்டுப் போங்கக்கா. போன மாசம் தீப்பிடிச்சப்ப இருவது பேரு ஒரே வாசல்ல முட்டிக்கிட்டு நின்னோம்."

22 மார்ச்

அழித்துப் பார்த்தேன். பத்து நிமிட வேலை. கதவு பளிச்சென்று அம்புட்டு அழகா இருக்கு — சே. இதுவும் மாப்பிள்ளை முடியும் ஒன்றுதானே? இல்லை. முடி இல்லாமல் எந்த மாப்பிள்ளையும் செத்ததில்லை.

24 மார்ச்

அழிக்காத படத்தோடு மில்லுக்குப் போனேன். "பொதிய நகத்துங்க சார், திரும்ப எடுத்துத் தாரேன்."

"நகத்தலைன்னா?"

"படம் கெடையாது."

ஆர்டரும் கிடையாது என்று அனுப்பிவிட்டார். வீட்டில் அண்ணன் ஆடித் தீர்த்தான். "மூணு வருசம் நாயா அலைஞ்சேன்டி! பஞ்சுப் பொதிக்கு வக்கீலா நீ?" பிறகு படத்தைக் கையில் வாங்கினான். வெகுநேரம் பார்த்தான். "நெசமாவே தீப்பிடிச்சுச்சா?"

25 மார்ச்

ஜீவிதா படத்தைக் கேட்டு வந்தாள். மில்லில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து தொழிற்சாலை ஆய்வாளரிடம் கொடுக்கப் போகிறார்களாம். "யாரு எடுத்ததுன்னு கேட்டா என்னக்கா சொல்ல?"

பின்பக்கம் தேதி போட்டு, எதையும் அழிக்கவில்லை என்று எழுதி, முழுப் பெயரில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கையெழுத்து கோணலாக விழுந்தது. பேனா மேல் பழி போட்டேன்.

2 ஏப்ரல்

மில் இல்லையென்று ஆனதால் ஐந்தாவது படம் செம்பட்டி முக்கு ரோடு. ஒரு ஆடு மட்டும் இரண்டு தடவை வந்தது. மூன்றாம் முயற்சியில் ஒழிந்தது. அனுப்பியாச்சு.

7 ஜூன்

சான்றிதழ் வந்தது. 'திரு. ரூபி' என்று போட்டிருக்கிறார்கள். மீசை ஒன்றுதான் பாக்கி. அண்ணன் எனக்குத் தெரியாமல் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டான்.

10 ஜூன்

பாஸ்போர்ட் படம் எடுக்க ஜீவிதா வந்தாள். ஆய்வாளர் வந்துபோனதாகச் சொன்னாள். மில்லில் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மத்தியானம் அந்தக் கதவு வழியா நல்லா காத்து வருதுக்கா."