தலையணைக்கடியில் எஞ்சின் கயிறு

வாப்பா,

உங்கள் எஞ்சினை இழுத்து இயக்கும் கயிறு என் தலையணைக்கடியில் இருக்கிறது. அதன் மண்ணெண்ணெய் மணம் உறையைத் தாண்டி வருகிறது. நீங்கள் கடலால் வந்து என் தலையைத் தடவும்போது வரும் அதே மணம். உங்கள் மூத்த பிள்ளை காக்காவுக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்து வைத்தேன். அவர் விடிய, சுபஹ் தொழுதுவிட்டு, ஆழக்கடலுக்குப் போகப் போகிறார்.

உங்களை மையவாடியில் அடக்கிய பிறகு, கவிழ்ந்த வள்ளத்தோடு கரைக்கு இழுத்து வந்த எஞ்சின் முற்றத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். காக்கா கேட்கவில்லை, கழற்றினார். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி வெளியே எடுத்தார். வளையங்கள் உடைந்திருந்தன. சிலிண்டர் சுவரில் நகத்தால் கீறியதுபோல் கோடுகள். உள்ளே விரலை விட்டுத் தடவினேன். இந்தக் கோடுகள் விழுந்தபோதுதான் எஞ்சின் நின்றிருக்கும், வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பியிருக்கும் என்று நினைத்ததும் விரலை எடுத்துவிட்டேன்.

சம்மாந்துறை லேத்துக் கடையில் சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டார் காக்கா. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் வைத்துக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டு உறுமியது. உங்கள் மௌத்துக்குப் பிறகு வெளியே வராமல் உள்ளறையில் இத்தா இருக்கும் உம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டு தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டார்.

"கேட்டியா சத்தத்த? புது எஞ்சின் தோத்துப்போகும்!" உங்களுக்குப் பிறகு காக்கா சிரித்ததை இன்றுதான் பார்த்தேன்.

"கொஞ்ச நாளைக்குக் கரையோட மெதுவா ஓட்டுங்களன் காக்கா."

"ஓம், நீதானே மெக்கானிக்! போய்ப் பாடத்தப் படி. கீரி மீன் வந்திரிக்கு. கரையோட ஓடி நண்டா புடிக்கிற?"

திரைக்குப் பின்னாலிருந்து உம்மா, "போகாத மனே," என்றார்.

"எத்தின நாளைக்கு ஆக்கள் தார சோத்தத் தின்னுற உம்மா?"

இத்தாவில் இருப்பவர் கடற்கரைக்கு வந்து மறிக்கவா முடியும்?

போன முறை நீங்கள் புதுப் பிஸ்டன் போட்டபோது டோர்ச் பிடித்தவள் நான்தான். "இது நம்மட ஊட்டுக்கு வந்த புது மாப்பிள, புள்ள. கொஞ்ச நாளைக்கு வேல சொல்லப்படாது. சொன்னா கோவிச்சிட்டுப் போயிருவாரு," என்றீர்கள். எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகக் கலந்து, பிஸ்டன் உராய்ந்து பழகும் வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்றும் சொன்னீர்கள். இருவரும் சிரித்தோம். பிறகு பக்கத்து வள்ளங்கள் கீரி மீனோடு வந்து இறங்கின. அது பழகுவதற்கு முன்பே நீங்கள் முழு வேகத்தில் ஆழத்துக்குப் போனீர்கள்.

உங்களைக் கொண்டுபோனது அலை என்கிறார்கள், அல்லாஹ்வின் நாட்டம் என்கிறார்கள். நானும் ஓம் என்கிறேன். புது மாப்பிள்ளைக் கதையை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மௌத்தான உங்கள்மேல் பிழை சொன்னதாகிவிடும் என்று பயந்தேன்.

கயிறு இல்லாவிட்டால் காக்கா வலைக்கயிற்றில் ஒரு துண்டை அறுத்து இழுப்பார். அதனால் விடிய நானே இதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுக்கும்போது, நீங்கள் சொன்னதையும் சொல்வேன். சொன்ன நீங்களே அதைக் கேட்காமல் போனதையும் சொல்வேன். அவர் என்னை அடித்தாலும் சொல்வேன். நீங்கள் கோவிக்க வேண்டாம் வாப்பா.

கயிற்றின் முனையில் நீங்கள் போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு பாங்கு சொல்லும் வரை காத்திருக்கிறேன்.