பட்டியலில் இருந்த தலைகள்

மார்ச் 3, செவ்வாய்

சர்க்கரை 138. டாக்டர் இந்த டைரியில் ரத்தச் சர்க்கரை எண்ணை மட்டும் எழுதச் சொன்னார். ஒரு எண்ணுக்காக ஒரு பக்கத்தை வீணாக்குவதா? மீதியில் நான் எழுதிக்கொள்கிறேன்.

சடை பின்னும் கடையில் இன்று ஒரே தலைதான். இடுப்பு வரை மெல்லிய சடைகள், ஆறு மணி நேரம். எழுந்தபோது என் விரல்கள் மடங்க மறுத்தன. அந்தப் பெண் தன்னைக் கண்ணாடியில் பார்த்து அழுதேவிட்டாள். அறுபத்தெட்டு வயதில் இப்படிப் பின்ன இந்த மிசிசிப்பிக் கரையில் வேறு யார் இருக்கிறார்கள்? சும்மா கேட்கிறேன்.

கடை மூடும் நேரத்தில் லாட்ரிஸ் எங்கள் நான்கு பேருக்கும் ஆளுக்கு நாலு பக்கக் காகிதம் கொடுத்தாள். கடை அவளுடையது. பதினோரு வருடம் முன்பு அவள் கடை திறந்தபோது முதல் நாற்காலியை எனக்குத்தான் போட்டாள். "இங்க வேலை பாத்த டாஷே எதிர்லயே கடை போட்டு என் கஸ்டமருங்கள இழுத்துக்கிட்டா பாருங்க, இன்னொரு தடவை அப்படி நடக்கக் கூடாது. வெள்ளிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்றாள்.

மற்ற மூவரும் அங்கேயே நின்று போட்டுக் கொடுத்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். அது என் நெற்றிமேல்தான் இருந்தது. பக்கத்து நாற்காலி ரெனிட்டா பார்த்தாள், காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல பெண்.

மார்ச் 4, புதன்

சர்க்கரை 141. விரலை வைத்து வரி வரியாக நாலு பக்கத்தையும் படித்தேன். காலை முழுவதும் போயிற்று. யாரையும் கேட்கவில்லை.

எனக்குப் புரிந்தது இது: நான் வேலையை விட்டாலும், அவளே என்னை அனுப்பினாலும், இரண்டு வருடத்துக்கு இருபத்தைந்து மைலுக்குள் எங்கும் நான் பின்னக் கூடாது. வேறு கடையிலும் கூடாது, என் வீட்டிலும் கூடாது. கடைசியில் இணைத்த பட்டியலில் உள்ளவர்களின் தலையை எங்கு வைத்தும் தொடக் கூடாது. என் காகிதத்தில் பட்டியல் இல்லை.

நான் எங்கே போகப் போகிறேன்? போகாதவளுக்குக் கையெழுத்தில் என்ன கஷ்டம்? ஆனாலும் பேனாவைத் தேடவில்லை.

மார்ச் 5, வியாழன்

சர்க்கரை 144. ஜாக்சனிலிருந்து மகன் வெண்டல் போன் செய்தான். சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

"போட்டுக் குடுத்துட்டுப் போம்மா. இந்த வயசுல நீ யாரோட போட்டி போடப் போற?"

"நான் யாரோடயும் போட்டி போட்டதில்லடா. மத்தவங்கதான் எங்கூடப் போட்டுப் பாத்தாங்க."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

சர்க்கரை பார்க்கவில்லை.

பட்டியலைக் கேட்டேன். லாட்ரிஸ் அச்சடித்துக் கொடுத்தாள், ஏழு பக்கம். அது என் நோட்டு! நான் தொட்ட ஒவ்வொரு தலையையும் கடை நோட்டில் எழுதுவது என் வழக்கம். காசு வாங்கிய தலை, வாங்காத தலை, எல்லாம். பெயர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன பின்னல். எழுதாத தலை முடிந்த தலை ஆகாது எனக்கு. வருகிறவர்களிடமெல்லாம் அந்த நோட்டைக் காட்டிப் பீற்றிக்கொள்வேன். அதைத்தான் அப்படியே அச்சாக்கியிருக்கிறார்கள். 'சிஸ்டர் பியூலா, நெற்றி ஓரம் இறுக்கக் கூடாது' என்பதுகூட இருக்கிறது.

முதல் பெயர் லாட்ரிஸேதான். கடை திறந்த அன்று முதலில் உட்கார்ந்த தலை அவளுடையது. முப்பத்தொன்றாவது பெயர் நைலா. என் மகள் வழிப் பேத்தி, இதே ஊர். இரண்டு வயதில் கடை வாசலில் வைத்துப் படம் எடுக்க லாட்ரிஸ் கேட்டாள் என்று கூட்டிப்போய்ப் பின்னினேன். அன்றைக்கும் எழுதிவைத்தேன். யார் என்னை எழுதச் சொன்னா?

"நைலா தலைய என் அடுப்படில வச்சுப் பின்னுனாலும் தப்பா?" என்றேன்.

"அது சும்மா பேப்பர், மிஸ் வெர்னெல். அதுக்குப் போய் நான் ஷெரீஃபையா கூப்பிடப் போறேன்?"

"அப்ப ஏன் எழுதியிருக்கு?"

"வக்கீல் எழுதினது."

"அப்ப அந்தப் பேர அடிச்சுடு."

"உங்களுக்கு அடிச்சா எல்லாருக்கும் அடிக்கணுமே."

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். கொடுத்தாள். அவள் கெட்டவள் இல்லை. டாஷே விலகிப்போன வருடம் இவள் கடை பாதி காலியாகக் கிடந்ததை நானும் பார்த்தேன்.

மார்ச் 7, சனி

சர்க்கரை 171. பீச் பழம் வைத்துச் சுட்ட பை தின்றேன். இரண்டு துண்டு.

மார்ச் 8, ஞாயிறு

சர்க்கரை 150. சர்ச்சில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த பிடறிகளில் பாதி நான் பின்னியவை. எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. பாஸ்டர் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை.

எனக்கு முன் வரிசையில் இருந்த தோழி பியூலா திரும்பி, "பிரசங்கம் அங்க நடக்குது வெர்னெல், என் பிடறில இல்ல" என்றாள்.

வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "என் தலைய எழுதி வாங்கிக்க லாட்ரிஸ் யாரு? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?" பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா எழுதினது நீதான? என் எழுத்தப் பாரு பாருன்னு தூக்கித் தூக்கிக் காட்டுனியே."

காரில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

சர்க்கரை 147. ஐந்தாம் வகுப்பில் மிஸஸ் கால்ட்வெல் வருகைப் பதிவில் பெயர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார். இருபத்தாறு பெயர், ஒரு அடித்தல் இருக்காது. அந்தச் செப்டம்பரில் பருத்தி எடுக்க லாரி வந்தது. ஏறினேன், பள்ளிக்குத் திரும்பிப் போகவில்லை. இருபத்தேழாவதாக என் பெயரை நானே எழுதியிருந்தேன். அதை யார் அடித்தார்களோ.

மார்ச் 12, வியாழன்

சர்க்கரை 152. பள்ளி விட்டதும் நைலா வந்தாள். காகிதத்தை மாவு டப்பாவுக்கு அடியில் தள்ளிவிட்டு அவளை உட்கார வைத்தேன்.

"பாட்டி, இன்னிக்கு ஏன் வலிக்கவே இல்ல?"

கையைப் பார்த்தேன். பின்னல் தொளதொளவென்று இருந்தது. ஞாயிறு வரை நிற்காது. அவிழ்த்து முதலிலிருந்து பின்னினேன். அவள் கத்தினாள். அதுதான் சரி.

சீப்பில் உதிர்ந்ததைப் பொறுக்கித் தகரத் தட்டில் எரித்தேன். வெளியே விட்டால் பறவை எடுத்துக் கூடு கட்டும், அப்புறம் தலைவலி தீராது. கடையில் குப்பைக் கூடைதான். இங்கே என் வீட்டுக்கு வருகிறவர்கள் சாம்பலாகும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள், பியூலா உட்பட. தன் முடியை இன்னொருத்தர் கையில் நம்பி யார் விட்டுவிட்டுப் போவார்கள்? நைலாவும் நின்று பார்த்தாள்.

மார்ச் 13, வெள்ளி

அடிக்கோல் வைத்து, வீட்டிலும் கூடாது என்ற வரியையும் பட்டியலில் நாற்பத்தாறு பெயரையும் கோடு போட்டு அடித்தேன். என் வீட்டார், என் சர்ச்சார். மீதிக்குக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

லாட்ரிஸ் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கண் கலங்கிவிட்டது. "நீங்க இல்லாட்டி இந்தக் கடையே இல்ல, மிஸ் வெர்னெல். ஆனா இத நான் வாங்கிக்க முடியாது. உங்களுக்கு விட்டா நாளைக்கு ரெனிட்டாவும் கோடு போட்டுக்கிட்டு வருவா."

"அப்ப என் நாற்காலி?"

காகிதத்தை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

அந்தக் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கிழித்தேன். சீப்பு, கவ்விகள், மடக்கு முக்காலி, எல்லாம் ஒரே பையில் அடங்கிற்று. நோட்டை எடுக்கவில்லை. எழுத்து என்னோடது, நோட்டு அவளோடது. மேசைல வச்சுட்டு வந்துட்டேன். பதினோரு வருசம். போகட்டும். போகட்டும்னு சொல்றேன், போகுதா?

மார்ச் 17, செவ்வாய்

சர்க்கரை 160. கடைக்குப் புறப்படுகிறவள்போல், பத்து மணிக்குள் மூன்று தடவை கைப்பையை எடுத்துவிட்டேன்.

மார்ச் 21, சனி

சர்க்கரை 149. பியூலா போன் செய்தாள். ஈஸ்டருக்குக் கடையில் நேரம் வாங்கிவிட்டாளாம், முன்பணம் கட்டியாயிற்றாம். "உன் பக்கம்தான் நான், ஆனா இந்த ஒரு தடவை..." என்று இழுத்தாள். நெற்றி ஓரம் இறுக்கக் கூடாது என்று ரெனிட்டாவிடம் சொல்லச் சொன்னேன்.

மார்ச் 29, ஞாயிறு

சர்க்கரை 139. ஈஸ்டருக்கு ஒரு வாரம். எனக்கு ஒரே தலை, நைலா.

ஏப்ரல் 4, சனி

காலையில் நைலாவுக்கு முடித்தேன். பத்து மணிக்கு பியூலா தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். "ரெனிட்டா நல்லாத்தான் பின்னுனா, என்னால கண்ண மூட முடியல" என்றாள். நெற்றி பளபளவென்று இழுத்து நின்றது. அவிழ்த்துவிட்டுப் பின்னினேன். அதற்குள் பாஸ்டரின் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் வந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்த கீரையை ருசி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

நாலரை மணிக்கு எல்லார் தலையும் முடிந்து அவர்கள் போனபின் பின்வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. லாட்ரிஸ். அவளும் துணி கட்டியிருந்தாள். பதினோரு வருடமாக அவள் தலையை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை.

கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் கேட்காமலே சீப்பை எடுத்தேன். உச்சி பிரித்து மூன்று வரிசை பின்னியதும் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை வாங்களேன்."

"பேப்பர்?"

"பேப்பர் இருக்கு."

"அப்ப நான் இங்கயே இருக்கேன். தலையத் திருப்பு."

திருப்பினாள்.

முடித்ததும் கைக்கண்ணாடி கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் சீப்பைத் தட்டி, முடியைத் தட்டில் போட்டு, தீப்பெட்டி தேடினேன்.

"நீங்க எரிச்சுடுங்க, மிஸ் வெர்னெல். கடைல ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டாள்.

எரித்தேன். இன்று ஆறு தலை. பெயர் எழுதவில்லை. சர்க்கரை 121.