எல்லா வாசலிலும் கேட்ட கேள்வி

பிப்ரவரி 11

கால் விண்ணென்று வலிக்கிறது. அண்ணியும் நானும் பின்தெரு முழுவதையும் முடித்துவிட்டோம். எங்கள் சுகாதார நிலையத்தில் வீடு வீடாகப் போகிறவர்கள் நாங்கள் இருவர்தான். ஒரே வீடு, ஒரே வேலை. வேலையிலும் அவர் எனக்கு மூத்தவர்.

தையல்காரரிடம், “ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்குங்களா?” என்று கேட்கும்போதே அண்ணிக்கே இருமல் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் நீ உன்னைப் பார்த்துக்கொள் என்றார் அவர். தெருமுனை வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

பிப்ரவரி 19

சிரிக்கிற விஷயமில்லை. அண்ணிக்குச் சீருடை தொளதொளவென்று தொங்குகிறது. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று கொதிக்கிறது. வேறு யாராவது இப்படி இருந்தால் பரிசோதனைக்குச் சளி எடுக்கும் டப்பாவைக் கையோடு கொடுத்திருப்போம். நீங்களும் பரிசோதிக்க வேண்டாமா என்று கேட்டேவிட்டேன்.

அடுத்த மாதம் மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணல். நோய் என்று தெரிந்தால் கூப்பிடவே மாட்டார்கள் என்று அண்ணி பயப்படுகிறார். “ஒரே ஒரு மாசம் பொறுத்துக்க. எத்தனை வருஷமா வெயில்ல நடக்கறேன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். அவருக்கு இல்லை என்றால் அந்த இடம் அடுத்து எனக்குத்தான். நான் போய்ச் சொன்னால் என்ன பேசுவார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பிப்ரவரி 23

இன்று எடை பார்க்க ஒரு கைக்குழந்தையை அண்ணி தூக்கினார். அதன் முகத்துக்கு நேராகவே இருமல். பிள்ளையை நான் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

நேரே டாக்டரிடம் போனேன். சொல்லிவிட்டேன்.

மார்ச் 2

காசநோய்தான். அண்ணனுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. நேர்காணலுக்கு அண்ணியைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அண்ணி சொன்னார்: “உங்களுக்கு வேணும்னா கேட்டிருக்கலாமே. நானே விட்டுக் கொடுத்திருப்பேன்.”

உங்களுக்கு! என்னை ஒருநாளும் அவர் ‘நீங்க’ என்றதில்லை.

பதவிக்கா செஞ்சேன்? அந்தப் பச்சப்புள்ளய நெனச்சு — இவங்க உசுர நெனச்சுத்தானே — சே, எழுதி என்ன ஆகப்போவுது.

மார்ச் 5

நேர்காணலுக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பைத்தியமா உனக்கு என்றார் டாக்டர். அந்த இடத்துக்கு வெளியாள் யாரோ வரப்போகிறாராம்.

அண்ணியிடம் சொன்னேன். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இருவருக்கும் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

மார்ச் 9

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பார்த்து வந்துவிட்டேன். போகாதே என்று அண்ணன் சொல்வான் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான்.

மார்ச் 10

மாத்திரையை எங்கள் கண்முன்னால் விழுங்க வேண்டும் என்பது விதி. அண்ணி விடுப்பில் இருப்பதால் இப்போது இந்தப் பக்கத்துக்கு நான் ஒருத்திதான். அதனால் நேற்றுவரை நான் இருந்த வீட்டின் கதவை இன்று தட்டினேன். அண்ணி தண்ணீரோடு வந்தார், விழுங்கினார், நாக்கைத் தூக்கிக் காட்டினார். எத்தனை பேரை நாங்கள் சேர்ந்து அப்படிக் காட்டச் சொல்லியிருப்போம்! பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 14

மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி. முதுகைத் தடவிக்கொடுத்தேன். கையைத் தட்டிவிடவில்லை. அறைக்கு வந்து ஓவென்று அழுதேன்.

ஜூன் 20

அண்ணிக்குக் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. எடை எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டார்.

செப்டம்பர் 3

கடைசி மாத்திரை. சளியில் கிருமி இல்லை. வேறு நிலையத்துக்கு மாற்றல் கேட்டு அண்ணி வாங்கிவிட்டாராம், அண்ணன்தான் சொன்னான்.

கடைசி நாளில் எல்லா நோயாளிகளும், இனி உன் தொல்லை விட்டது என்று கேலி செய்வார்கள். அதைக் கேட்கத்தானே இந்த வேலைக்கு வந்தேன். அண்ணி விழுங்கினார், நாக்கைத் தூக்கிக் காட்டினார். “நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

சரிங்க அண்ணி என்றேன்.

செப்டம்பர் 4

பழக்கத்தில் கால் அந்த வீட்டுக்கே போய்விட்டது. தட்டக் கையைத் தூக்கிய பிறகுதான் நினைவு வந்தது. உள்ளே அண்ணி ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பினூடே இருமல் வருகிறதா என்று சற்று நேரம் நின்று கேட்டேன். வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.