ஏகமனதாக என்று எழுதினேன்

செஞ்சி,
24.9.2025

அன்புள்ள தம்பி சேரனுக்கு,

அண்ணன் இளையபெருமாள் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். உன் மகள் சுவாதிக்குக் காலாண்டுத் தேர்வு முடியப்போகிறது. கணக்கு எளிதாக இருந்ததாம். மல்லாட்டை பிடுங்கியாயிற்று. கப்பலில் வரும் பாமாயில்தான் இங்கே நம் கடலைக்கு விலை வைக்கிறது. மார்க்கெட் கமிட்டியில் நாம் சாக்கைப் பிரித்துக் காட்டுவதோடு சரி.

போனில் சொன்னால் "வுடுண்ணே" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு, மே தினத்துக் கிராமசபையில் அந்த வெளிநாட்டு ஷூ கம்பெனிக்கு மேய்க்கால் புறம்போக்கைத் தரலாமா என்று பேச்சு வந்தது. நான் எழுந்து, இவர்கள் கூலி குறைந்த நாட்டைத் தேடி வருகிறவர்கள், நாளைக்கு வியட்நாமில் குறைந்தால் அங்கே போய்விடுவார்கள் என்றேன். பின்னாலிருந்து யாரோ, "சார், வியட்நாம் பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்றான். கூட்டமே சிரித்தது. உன் மனைவி கலைவாணியும் சிரித்தாள். இருபது வருடம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன் நான்.

பிறகு கலைவாணி எழுந்து, "பொம்பளைங்க தெனம் பஸ்ஸுல தொங்கிக்கினு போறோம். இங்கியே வேலை வந்தா இன்னா கேடு?" என்று கேட்டாள். பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஆண்களிலும் பாதிப் பேர். தலைவர் "எழுதிக்கலாம்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

நம் ஊரில் வழக்கம் உனக்குத் தெரியும். வந்தவுடன் கையெழுத்தை வாங்கிவிடுவார்கள், தீர்மானம் பிறகுதான் எழுதப்படும். செயலர் அரிகிருஷ்ணன், "சார் கையெழுத்து முத்து மாதிரி" என்று நோட்டை என்னிடம் தள்ளினார். மேலே வெற்றிடம், கீழே நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. நிலம் தருவதில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று எழுதினேன். அவர் படிக்காமலே முத்திரை வைத்தார்.

கொள்கைக்காகச் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தச் சிரிப்பும், பாகப்பிரிவினையில் நைனா சாலையோர நிலத்தை உனக்கு எழுதியதும்தான் காரணம். கம்பெனி வந்தால் உன் நிலத்தின் விலை எங்கேயோ போயிருக்கும்.

நகல் மேலே போனது. கம்பெனி வேறு மாவட்டத்துக்குப் போனது. "கம்பெனிக்காரனுக்கே நம்ம ஊரு புடிக்கல, நான் வந்து இன்னாண்ணே பண்ணப்போறேன்" என்று நீ மஸ்கட் வேலை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டாய். நான் ஆமாம் என்றேன். கலைவாணி எழுபது கிலோமீட்டர் தள்ளி அதே கம்பெனிக்கு, விடியுமுன் வேன் ஏறிப் போகிறாள்.

போன மாதம் அமெரிக்காவில் நம் நாட்டுச் சரக்குக்கு வரியை ஏற்றினார்கள். ஆர்டர் குறைந்து, வேன் சில நாள் வருவதில்லை. கேட்டதும் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அன்றே சொன்னேனே என்று. மறுநாள் சாலை முனையில் கலைவாணி டிபன் டப்பாவோடு, வராத வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது சரியாகவே இருக்கலாம், சேரன். அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் சபையில் கை தூக்கியவர்கள். அவர்கள் தீர்மானித்தார்கள். நான் மாற்றி எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "என் கையெழுத்து அதுக்குக் கீழ இருக்குதா, மாமா?" என்று மட்டும் கேட்டாள். மூன்றாவதாக இருக்கிறது என்றேன். உள்ளே போய்விட்டாள். மறுநாள் சுவாதி வந்து, அம்மா காந்தி ஜெயந்தி கிராமசபையில் பேசப்போவதாகச் சொன்னாள்.

நானும் போவேன். கம்பெனி திரும்ப வராது, தெரியும். உனக்குப் போன மூன்று வருடத்தையும் என்னால் தர முடியாது. அண்ணன் மானம் போகக் கூடாது என்று நீ அவளுக்குப் போன் செய்து தடுப்பாய். உன் குணம் அது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், தடுக்காதே. அவள் பேசட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும் உரிமை எனக்கு இன்னும் இருந்தால், வாழ்த்துகிறேன்.

உன் அண்ணன்,
இளையபெருமாள்