அம்மா கற்றமரான் ஏறிய கதையும் அப்பாவின் பதிலும்

பலேர்மோ,
தை மாதம், ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் நிரோசினிக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது. சீனாவைப் பிறப்பிடமாகவும் பலேர்மோ போர்கோ வெக்கியோவை வதிவிடமாகவும் கொண்ட திருமதி கிரைண்டர் அவர்கள் கடந்த வெள்ளிக்கிழமை உழுந்து அரைத்துக்கொண்டிருக்கையில் புகை கக்கிக் காலமானார். அன்னார் காலஞ்சென்ற ஆட்டுக்கல்லின் அன்புப் பேத்தியும் தோசையின் பாசமிகு தாயாரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். மற்றும்படி வீட்டில் மனிதர்கள் மூன்று பேரும் சுகம், ஹம்பேர்க் குளிரில் நீயும் உன் மூக்கும் சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போது உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறார், என் பெயர் பள்ளிக்கூடச் சோதனைக் காலத்தில் மட்டும் வரும்.

கடிதம் அம்மாவுடையது, கையெழுத்து உன் தம்பி பிரசாந்துடையது. அம்மாவின் கண்ணாடி கரீபியன் கடலுக்கு அடியில் கிடக்கிறது, அங்கே ஏதோ ஒரு மீன் அதைப் போட்டுக்கொண்டு பேப்பர் வாசிக்கும். புதுக் கண்ணாடி வரும்வரை அம்மா சொல்வதை நான் எழுதுகிறேன், அம்மா சொல்லாததையும் சேர்த்து எழுதுகிறேன், பதினாறு வயதில் இவ்வளவு பெரிய பதவி வேறு யாருக்குக் கிடைக்கும். போனில் சொன்னால் என்ன என்று கேட்டேன், போனில் பிள்ளையின் குரலைக் கேட்டால் அழுகைதான் வரும், கதை வராது, அவள் கேட்டதுக்கு எழுத்திலைதான் பதில் போகவேணும் என்கிறார். பெனடிக்ற் அண்ணை புதன்கிழமை ஹம்பேர்க் வருகிறார், மிளகாய்த்தூளோடு இதையும் தருவார், மிளகாய்த்தூளை முதலில் தூர வைத்துவிட்டு வாசி, கண்ணைத் துடைக்க வேண்டி வரலாம்.

நீ கேட்டதை நாங்கள் மறக்கவில்லை. கப்பல் கம்பனிக் கதிரையில் இருந்து பெட்டிகளுக்குக் கணக்கு எழுதினது போதும், கப்பலிலேயே பயிற்சி அதிகாரியாக ஏறச் சொல்கிறார்கள், தை மாத முடிவுக்குள் பதில் கொடுக்கவேண்டும், அம்மாவும் அப்பாவும் ஓம் என்றால்தான் ஏறுவேன் என்று கார்த்திகையில் கேட்டாய். கடலிலை பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன வேலை, கோயிலிலை நாலு சனம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது என்று அப்பா சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சொன்னதைவிட அம்மா சொல்லாததுதான் உனக்கு நொந்தது என்று எனக்குத் தெரியும், அன்றிலிருந்து நீ போன் எடுத்தால் சாப்பிட்டியா, அங்கை குளிரோ என்பதற்கு மேலே இந்த வீட்டில் ஒரு சொல்லும் ஓடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அம்மா வீட்டோடு பார்த்துக்கொள்கிற சிஞ்ஞோரா லுக்ரேசியாவுக்கு எண்பது வயது வந்தது. அவவின் மகன் பியெத்ரோ கரீபியனில் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியும், பிறந்தநாளுக்கு அங்கே வரச்சொல்லி ரிக்கற் அனுப்பினார், நாகா வராமல் நான் பிளேன் ஏறமாட்டேன் என்று அம்மாவின் பெயரைப் பாதியாக்கிச் சிஞ்ஞோரா சொல்ல, பெட்டி தூக்க என்ரை பெடியனும் வரவேணும் என்று அம்மா சொல்ல, மார்கழி நத்தார் விடுமுறையில் மூன்று பேரும் புறப்பட்டோம். அம்மாவின் புது இத்தாலியன் பாஸ்போட்டுக்கு அதுதான் முதல் பயணம். பிறந்தநாளன்று ஒரு கற்றமரானை முழுதாக எங்களுக்கு மட்டும் பிடித்து, ஆட்களே குடியில்லாத பெற்றித் தேர் என்ற குட்டித் தீவுக்குக் காலையில் போய்ப் பின்னேரம் வருவதாக ஏற்பாடு. கற்றமரான் என்றால் ஊர்க் கட்டுமரம் என்றுதான் அம்மா நினைத்தார். நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டிப்போட்டு அதிலையோ எண்பது வயசு மனிசியை ஏத்தப்போறான், இவனுக்கு அறிவில்லையோ என்று என்னிடம் கேட்டார். நான் சும்மா இருப்பேனா, ஓமம்மா, காலை இரண்டு பக்கமும் தண்ணியிலை தொங்கப்போட்டுத்தான் இருக்கவேணும், மீன் கடிச்சால் மட்டும் தூக்கலாம் என்றேன். அம்மா நம்பிவிட்டார். அடுத்தநாள் காலை துறைக்கு வந்தவரின் பையில் மாற்று உடுப்பு, பிளாஸ்ரிக் பைகள், சிஞ்ஞோராவைக் கட்டி வைக்க ஒரு நைலோன் கயிறு, புட்டுப் பார்சல்.

அக்கா, அங்கே நின்றதை என்னென்று சொல்வது. இரண்டு வெள்ளைக் கப்பல்கள் கைகோத்து நிற்கிற மாதிரி, நடுவில் எங்கள் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிய கூடம், குசினி, கீழே கட்டிலோடு அறைகள், முன்னால் கடலுக்கு மேலே படுத்திருக்க ஒரு வலை, பாய் மேலே போனபோது அம்மா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார், கழுத்து நொந்த பிறகுதான் தலை இறங்கியது. கயிறு மெல்லப் பைக்குள் ஆழமாகப் போனது, அதைப்பற்றி இன்றுவரை ஒருவரும் கதைப்பதில்லை. பிறகு கப்டன் வந்தார், வந்தார் என்றா எழுதுவது, பொம்பிளைக் கப்டன், வந்தா. வெறுங்கால், வெளிறின நீலச் சேர்ட், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், பெயர் எலோடி ராமசாமி. ராமசாமி என்றதும் அம்மா அவவின் கையைப் பிடித்துத் தமிழில் நீர் எந்த ஊர் பிள்ளை என்று கேட்டார். அந்த மனிசிக்கு ஒரு சொல்லும் தெரியாது. கரும்பு வெட்ட அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுவந்த ஆட்களின் வழியாம், பெயர் கரை சேர்ந்தது, பாஷை நடுக்கடலில் இறங்கிவிட்டது. தன் வீட்டு முற்றத்தில் நிற்கிற மரத்தின் இலைக்கு மட்டும் வெப்பெலே என்று சொல்லிக் காட்டினா, அம்மாவுக்குக் கண் கலங்கியது, எனக்கும் கலங்கியது, ஆனால் எனக்குக் காற்றில்தான்.

கடல் நல்ல கடல் இல்லை. காற்று எதிர்த்து வந்தது, கற்றமரான் ஒவ்வொரு அலையிலும் ஏறி மறுபக்கம் பொத்தென்று விழுந்தது, பியெத்ரோ பச்சையாகப் போனார், அம்மாவின் கண்ணாடி பறந்தது, அந்த நேரத்தில் முன்பக்கத்தில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்ற ஒரே ஆண்மகன் யார் என்று தற்பெருமை பிடிக்காததால் நான் எழுதவில்லை. தீவைச் சுற்றி முருகைக்கல் என்கிற பவளப்பாறை, அதில் அலை வெள்ளையாக உடைகிறது, நடுவில் ஒரு சின்ன வாசல். அந்த வாசலுக்கு வெளியே கப்டன் படகை நிறுத்தி வைத்தா. கரை கண்ணுக்கு முன்னே தெரிகிறது, பியெத்ரோ ஏன் நிற்கிறோம் போவோம் போவோம் என்று கத்துகிறார், அவ அவரைப் பார்க்கவே இல்லையாம், கடலுக்கு முதுகைக் கொடுக்காமல் பின்னால் வருகிற அலைகளையே பார்த்துக்கொண்டு நின்றாவாம். ஒன்று போனது, இன்னொன்று போனது, பெரியது ஒன்று வந்து எல்லோரையும் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னா, பிடிச்சுக்கொள்ளுங்கோ. அம்மா சிஞ்ஞோராவைக் கட்டிப்பிடித்தார், இரண்டு பக்கமும் கல், இரண்டு பக்கமும் நுரை, இரைச்சலில் முருகா என்று கூப்பிட்டது தனக்கே கேட்கவில்லையாம், பிறகு ஒரேயடியாக எல்லாம் அமைதி. கோயில் உள்வீதிக்குள் வந்த மாதிரி இருந்தது என்றார் அம்மா. தண்ணீருக்கு நிறமே இல்லை, பிறகு பார்த்தால் எல்லா நிறமும் இருந்தது. கண்ணாடி இல்லாமலே எனக்கு அடி தெரிஞ்சது எண்டு எழுது என்று இந்த இடத்தில் அம்மா என் தோளைத் தட்டிச் சொல்கிறார். ஆமை ஒன்று மேலே வந்து மூச்சு எடுத்துவிட்டுப் போனது, முழங்கால் தண்ணீரில் சுறாக்குட்டிகள் பூனைக்குட்டி மாதிரிச் சுற்றின, கரையில் பென்சன் எடுத்த ஆட்களைப்போல இகுவானா என்கிற பெரிய ஓணான்கள் வெய்யில் காய்ந்தன. எண்பது வயசு வரைக்கும் இதை ஆர் எனக்கு ஒளிச்சு வைச்சது என்று சிஞ்ஞோரா கேட்டா.

சாப்பாட்டு நேரத்தில்தான் பிரச்சினை. கப்டன் மீன்கறி வைத்துப் பரிமாறினா, அதற்குப் பெயர் அங்கே கொலம்போ, அம்மா நாக்கில் வைத்துப் பார்த்து, பெயரைத்தான் மாத்திப்போட்டினம், இது குழம்பு என்று தீர்ப்பு வழங்கிவிட்டு எழும்பிக் கரண்டியைக் கையில் எடுத்தார். சமைச்ச பிள்ளை சாப்பிடாமல் நான் சாப்பிடமாட்டன் என்கிறார் அம்மா. விருந்தாளி சாப்பிடாமல் நாங்கள் சாப்பிடக்கூடாது, அது எங்கடை வேலை ஒழுங்கு என்கிறா கப்டன். நீ இரு என்று இவர், நீங்கள் இருங்கோ என்று அவ, குழம்பு ஆறுகிறது, பியெத்ரோவின் வயிறு சத்தம் போடுகிறது, இரண்டு பேரும் கரண்டியின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைசியில் கப்டன் குரலை உயர்த்தாமல் சொன்னா, மதாம், இந்தப் படகிலை ஆர் எழும்புறது ஆர் இருக்கிறது எண்டு நான்தான் சொல்லுறது, நீங்கள் இருங்கோ, நான் உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிறன். அம்மா இருந்தார். அக்கா, நீ நம்பமாட்டாய், எங்கள் அம்மா, கல்யாண வீட்டிலும் குசினிக்குள் நின்று சாப்பிடுகிற அம்மா, மேசையில் இருந்து சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்பவில்லை.

இருந்தவர் சும்மா இருப்பாரா, கேள்வி தொடங்கியது, நான் பிரெஞ்சில் மொழிபெயர்த்தேன், பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அன்றைக்குத்தான் உப்புத் தண்ணீர் குடித்தது. எங்கை படுக்கிறனி, அறைக்கு உள்பூட்டு இருக்கோ, கூட வேலை செய்யிற பெடியள் மரியாதையோ, கலியாணம் கட்டினால் புருசன் விடுவானோ, சுகமில்லாத நாளிலை என்ன செய்வாய், எல்லாம் கேட்டார், அவ எல்லாவற்றுக்கும் சிரிக்காமல் பதில் சொன்னா. கடைசியாக, உன்ரை அம்மா என்ன சொன்னவ என்று கேட்டார். ஒரு வருசம் என்னோடை கதைக்கேல்லை என்றா கப்டன். இப்ப? இப்ப விடிய எழும்பின உடனை அவதான் காற்று எவ்வளவு அலை எவ்வளவு எண்டு பார்த்து எனக்குப் போன் எடுக்கிறா, நான் பார்க்க முதலே எனக்குத் தெரிஞ்சிடும். திரும்பி வருகிற வழி முழுக்க அம்மா கப்டனுக்குப் பக்கத்தில் நின்றார். புட்டுப் பார்சல் அவவின் வீட்டுக்குப் போனது.

பலேர்மோவுக்கு வந்த அன்றே சாப்பாட்டு மேசையில் அம்மா அப்பாவிடம் சொன்னார், நிரோசினி கப்பலிலை ஏறட்டும். அப்பா கோப்பையைத் தள்ளி வைத்தார். நீர் போய் வெய்யிலிலை நிண்டு மூளை காஞ்சுபோய் வந்து நிக்கிறீர் என்றார். அம்மா விடவில்லை, நான் கண்டனான் என்றார், எங்கடை பிள்ளையின்ரை வயசிலை ஒருத்தி எல்லாற்றை உயிரையும் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டதைக் கண்டனான், என்ரை பிள்ளைக்கு அந்தப் படிப்பு இருக்கு, அவளைக் கதிரையிலை கட்டி வைக்கிறது பாவம். அப்பா சத்தம் போட்டார், அம்மாவும் போட்டார், நிலைமை எல்லை மீறியபோது நான் எழுந்து உலக வரலாறு, பெண் விடுதலை, கப்பல் கம்பனிச் சம்பளம் என்று மும்முனைப் பேச்சு ஒன்று நிகழ்த்தினேன், அப்பா வாயடைத்துப்போய் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். துறைமுகத்துக்குத்தான் போயிருக்கிறார், நாப்போலிக் கப்பல் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதாக அங்கே அவரைக் கண்ட சாந்தன் மாமா பிறகு சொன்னார். வந்தவர் இருக்கவும் இல்லை, ஜாக்கெட்டைக் கழற்றவும் இல்லை, அவளின்ரை அறைக்கு உள்ளுக்கை இருந்து பூட்டுற பூட்டு இருக்கோ எண்டு கேட்டு எழுதுங்கோ என்றார். அவ்வளவுதான். அம்மா என்னைப் பார்த்து, இதுதானடா அப்பாவின்ரை ஓம், வேறை மாதிரி அவருக்குச் சொல்லத் தெரியாது என்றார்.

ஆகவே பிள்ளை, ஏறு. இனி அம்மா சொல்வது மட்டும். அறைப் பூட்டை முதல்நாளே போட்டுப் பார், பழுது என்றால் திருத்தும்வரை பெட்டியை அவிழ்க்காதே. தலைமயிரை இறுக்கிக் கட்டு. கடலைப் பார்த்துப் பயப்படு, ஆட்களைப் பார்த்துப் பயப்படாதே. பெரியவன் ஒருவன் போவோம் போவோம் என்று கத்தினால் நீ உன் கண்ணால் பார்த்த பிறகு போ. நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே, அதை நான் இந்த வயதில்தான் பழகினேன். கோயிலில் அம்பிகை அன்ரி முதலில் எங்களுக்குச் சொல்லக்கூடாதோ என்று கேட்பா, அந்தக் கேள்வியை எங்களிடம் விட்டுவிடு. எந்தத் துறைக்குப் போனாலும் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு சொல் அனுப்பு. போகிற கடலெல்லாம் உனக்கு வழி விடட்டும், போன வழியாலேயே திரும்பிக் கொண்டுவந்து விடட்டும். மாத முடிவுக்குள் பதில் கொடுக்க மறந்துவிடாதே.

உன் நினைவோடு இருக்கும்
அம்மா நாகபூசணி, அப்பா தவராசா

பி.கு. கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி, நீ எங்கையடா முன்னுக்கு நிண்டனி என்று கேட்டார். பொய் எழுதின தாளில் தன் ஆசீர்வாதம் கிடக்கக்கூடாதாம், அதனால் எழுதுகிறேன். துறையை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து நான் கப்டனின் காலடியில் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். பச்சையாகப் போனது பியெத்ரோ மட்டும் இல்லை. சாப்பாட்டு நேரம் நான் வலையில் செத்த மீன்போலக் கிடந்தேன், மொழிபெயர்த்தது கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்த சிஞ்ஞோரா. மும்முனைப் பேச்சும் நடக்கவில்லை. சண்டை நடுவில் அப்பா என் பக்கம் திரும்பி, நீயும் போனனிதானே, அந்தப் பிள்ளை எப்பிடி என்று கேட்டார். எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை அக்கா. கடலிலை அவவின்ரை முகம் வடிவாத் தெரியேல்லை அப்பா, கீழை கிடந்து சத்தி எடுத்தனான், அவவின்ரை இரண்டு காலும்தான் தெரிஞ்சது, படகு சரிஞ்சது, நான் உருண்டன், வாளி உருண்டது, அந்தக் கால் இரண்டும் நிண்ட இடத்திலை நிண்டது என்றேன்.

அதற்குப் பிறகுதான் அப்பா ஜாக்கெட்டை எடுத்தார்.