சிறப்போ பொதுவோ: வெள்ளிக்குள் ஒரு புள்ளடி

யூலை 14, திங்கள்

சோளகக் காற்று பேய் மாதிரி அடிக்கிறது. கொடியில் காயப்போட்ட ஆய்வுகூடச் சட்டை பக்கத்து வளவு முருங்கையில். ஏறி எடுத்தேன். கை நிறைய மயிர்க்கொட்டிப் புழு. இரண்டு மணித்தியாலம் சொறிச்சல்.

பல்கலைக்கழகப் படிவம் கைக்கு வந்துவிட்டது. ஒரு தாள், இரண்டு பெட்டி.
சிறப்பு: இன்னும் இரண்டு வருடம், ஒரே பாடம். எனக்குத் தாவரவியல்.
பொது: இன்னும் ஒரு வருடம். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் மூன்றும்.
வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்குள் ஒரு புள்ளடி. பிறகு மாற்ற முடியாது. சிறப்புக்குத் தெரிவான எட்டுப் பேரில் நான் ஆறாவது.

அம்மாவுக்கு இதில் கேள்வியே இல்லை. "உதுக்குள்ளை யோசிக்க என்ன கிடக்கு?" முடிவு வந்த அன்றே ரொறன்ரோப் பெரியம்மாவுக்குச் சொல்லியாயிற்று. பெரியம்மா அங்கே ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லியாயிற்று. "பொடிச்சி ஸ்பெஷல் செய்யுது" என்று. புள்ளடி போட முதலே நான் பாதிச் சிறப்பு!

"எனக்கு மூண்டும் விருப்பம் அம்மா."
"பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். படுத்து நித்திரை கொள்."

எனக்கு எல்லாமே பிடிக்கிறது. அதுதான் என் வருத்தம்.

சரி, ஆட்களைக் கேட்டுப் பார்ப்போம் என்று பஸ்ஸில் தொடங்கினேன். என்ன படித்தீர்கள், என்ன செய்கிறீர்கள்?
- வங்கியில் அடைவு வைக்கும் நகையை நிறுக்கும் அண்ணை: விலங்கியல் சிறப்பு.
- கந்தோரில் பிறப்புப் பதிவு எழுதும் அக்கா: சங்கீதம்.
- தொலைபேசிக் கடைக்காரர்: தமிழ், முதல் வகுப்பு. "கவர் போடவோ தங்கச்சி?"
- பல் வைத்தியர்: பல். அப்பாடா, ஒருவர்.

புதுத் தேயிலைப் பக்கற் சரியில்லை. தேத்தண்ணீர் வாய்க்குள் ஏதோ மாதிரி. அம்மா கடைக்காரரைத் திட்டினார்.

யூலை 15, செவ்வாய்

காற்று. தூசி. காலையில் அப்பா வழமைபோல ஒரு கான் தண்ணீருடன் வந்தார். எங்கள் வளவுக் கிணறு கல்லுத்தண்ணீர், பருப்பு அவியாது. குடிக்க, சமைக்க எல்லாம் தொண்டைமானாற்றுப் பக்கம் அப்பா குத்தகைக்குச் செய்யும் வெங்காயத் தோட்டத்துக் கிணறுதான். தேன் தண்ணீர் என்று பெயர் எடுத்த கிணறு.

கானோடு ஒரு ஷொப்பிங் பை. உள்ளே வெங்காயத் தாள். நுனி கருகி, நடுவில் ஊதாப் புள்ளி.
"பிள்ளை, உங்கடை கம்பசிலை ஒருக்கா காட்டு. ஒரு பாத்தி இல்லை, எல்லாப் பாத்தியும் உப்பிடித்தான்."
அப்பா என்னிடம் ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. பை முழுக்கப் பெருமையோடு பஸ் ஏறினேன்.

சுகந்தி அக்கா எங்கள் செய்முறை வகுப்பை நடத்துபவர், தாவரவியல் சிறப்பு, முதல் வகுப்பு. வெங்காயத் தாளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "இது என்ரை ஆள்!" நாலாம் வருடம் முழுக்க இந்த ஒரு பூஞ்சணப் பங்கசோடுதான் இருந்தாராம். நுணுக்குக்காட்டியில் காட்டினார். கபில நிற வித்திகள், குறுக்குச் சுவரும் நீண்ட வாலுமாய். என்ன வடிவு! சோற்றை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நுனி ஏன் அக்கா இப்பிடிக் கருகியிருக்கு?"
"பங்கசு வந்தால் அப்பிடியும் வரும்."
மருந்தின் பெயரை எழுதித் தந்தார்.

சிறப்பு என்றால் இதுதானே. ஒன்றைக் கண்டதும் "என்ரை ஆள்" என்று சொல்வது. படிவத்தில் பென்சிலால் மெல்லிய புள்ளடி. சிறப்பு.

யூலை 16, புதன்

அப்பா விடியவே மருந்து அடித்துவிட்டார். ஊரெல்லாம் சொல்லுகிறார், "மகள் கண்டுபிடிச்சவள்."

மத்தியானம் சுகந்தி அக்காவோடு கன்ரீனில் றோல்ஸ். வேலை ஐந்து வருடமாகத் தற்காலிகம் என்றார். "அந்தப் பங்கசை இருட்டிலையும் பிடிப்பன். வீட்டிலை மல்லிகை ஏன் பூக்கேல்லை எண்டு அம்மா கேட்டால் முழிக்கிறன்." சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பென்சில் புள்ளடியை அழித்தேன். மறுபடி போட்டேன். தாள் அந்த இடத்தில் பஞ்சாகிவிட்டது.

பின்னேரம் என் கூடப்பிறந்த அண்ணை வந்தார். அவர் ஓ.எல். முடித்து மின்சாரம் படித்தவர். இப்போது தோட்டங்களுக்கு வெயிலில் ஓடும் சூரிய பம்ப் பூட்டுகிறார். எங்கள் தோட்டத்துக்கும் தை மாதம் பூட்டினார். ஒரே வேலை, ஆனால் திருத்தமாகச் செய்வார்.
"பொது எண்டால் என்னடி? எல்லாக் கறியிலையும் ஒரு அகப்பை. வயிறு நிரம்புமோ?"
"நீங்கள் ஒரே கறி சாப்பிட்டு அலுக்கேல்லையோ?"
"நல்ல கறி எண்டால் ஏன் அலுக்குது?"
அண்ணை சொன்னது சரியான பதில்தான் என்று இப்போதும் படுகிறது.

தேயிலை மாற்றியாயிற்று. இதுவும் சரியில்லை.

யூலை 17, வியாழன். ஆடிப்பிறப்பு

விடிய எழும்பிக் கூழ். பனங்கட்டி, தேங்காய்ப்பால், பயறு, அரிசிமா. நான் கிண்டினேன், அம்மா மேற்பார்வை. படைத்துவிட்டு எல்லோருக்கும் ஊற்றினேன்.

அண்ணை முதல் வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஆர் கூழுக்கு உப்புப் போட்டது?"
"ஒருத்தரும் போடேல்லை," என்றார் அம்மா. குடித்துப் பார்த்தார். உப்பு. சத்தியமாய் உப்பு.
"இனிப்பிலைதான் தெரியுது. கறிக்கு நான் கொஞ்ச நாளாய் உப்புக் குறைச்சுத்தானே போடுறன்," என்றார், தனக்குத்தானே சொல்வது போல.
"ஏன் குறைச்சனீங்கள்?"
"கரிச்சுது. குறைச்சன்."

கையில் அகப்பையோடு நின்றுவிட்டேன். தேயிலை. கறி. கருகிய நுனி. தண்ணீர்!

எட்டாம் ஆண்டில் புவியியல் ரீச்சர் கரும்பலகையில் கீறிய படம் கண்ணுக்குள் வந்தது. எங்கள் சுண்ணக்கல்லுக்குள் நல்ல தண்ணீர் மெல்லிய படையாக மேலே, கடல் தண்ணீர் கீழே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடப்பது மேலே வரும்.

"அப்பா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இறைக்கிறியள்?"
"முந்தி மண்ணெண்ணெய் மெசினிலை இரண்டு மணித்தியாலம். இப்ப வெயில் சும்மா கிடைக்குதெல்லே? எட்டிலையிருந்து நாலு மட்டும் ஓடுது. கொண்ணை பூட்டினது, ஒரு நாளும் நிண்டதில்லை."

அண்ணை கிண்ணத்தை வைத்தார். "என்ரை பம்பிலை பிழை இல்லை."
"இல்லைதான் அண்ணை. நல்ல பம்ப். அதாலைதான்."
கூழைக் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டார். வாசலில் மோட்டார்சைக்கிள் கோபமாய்ப் போன சத்தம். சொன்ன விதம் பிழையோ?

வளவுக் கிணற்றில் ஒன்று, தோட்டக் கிணற்றில் ஒன்று என்று இரண்டு போத்தல் தண்ணீரோடு கம்பசுக்கு ஓடினேன். இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் கெஞ்சி இடம் எடுத்தேன். வெள்ளி நைத்திரேற்றுச் சொட்டுச் சொட்டாக விட்டு உப்பை அளக்கும் முதல் வருடச் செய்முறை. சோதனை முடிந்ததும் மறந்துவிடலாம் என்று நினைத்திருந்த ஒன்று. வளவுத் தண்ணீர் சட்டென்று செங்கட்டி நிறமானது. தோட்டத் தண்ணீர் மாறவே மாட்டேன் என்றது. முதல் தண்ணீருக்கு விட்டதைப் போல ஐந்து மடங்கு இறங்கிய பிறகுதான் மாறியது, அவ்வளவு உப்பு.

சுகந்தி அக்காவிடம் சொன்னேன். மிச்ச வெங்காயத் தாளை எடுத்து நுனியைத் தடவிப் பார்த்தார். "பங்கசும் உண்மை, உப்பும் உண்மை. உப்புப் பட்ட இலையிலை அது லேசாய் ஏறும். நுனியைப் பற்றி நீ கேட்டனி. நான் கேக்கேல்லை."
நானும் அன்றைக்கு ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டவள்தானே. அந்தத் தண்ணீரைத்தான் தினமும் குடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

யூலை 18, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம்.

அப்பா காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் இறைத்தார். பக்கத்துத் தோட்டக்காரர் தன் கிணற்றிலிருந்து கொஞ்சம் விட்டார். பாதி வெங்காயம் தப்பும் என்கிறார் அப்பா.

படிவம் கொடுக்கக் கம்பஸ் கந்தோரில் வரிசை. எனக்கு முன்னால் ஏழு பேர். ஏழு பேர் நேரமும் யோசித்தேன். சிறப்புக் கூடாது என்று இல்லை. சுகந்தி அக்கா இல்லாவிட்டால் அந்தப் பங்கசை ஆர் கண்டிருப்பார்? ஆனால் என் நெஞ்சு படபடத்தது வித்தியைப் பார்த்தபோது இல்லை. கூழும் பம்பும் வெங்காயத் தாளும் ஒரே கயிற்றில் வந்தபோதுதான். அந்தப் படபடப்பு இன்னும் வேண்டும். அதுக்கு வேலை கிடைக்குமா? தெரியாது. பயம்தான்.

பொது. பேனையால்.

எழுதுவினைஞர் ஐயா கண்ணாடியை இறக்கினார். "ஆறாவது ஆளெல்லே நீர்? பெட்டி மாறிப் போட்டிட்டீரோ?"
"இல்லை ஐயா."
"வீட்டிலை தெரியுமோ?"
"இனித்தான்."

வீட்டில் சொன்னேன். அம்மா: "ரொறன்ரோவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" அதோடு கதை இல்லை. சோற்றுக் கோப்பை மேசையில் டொக்கென்று விழுந்தது. கறிக்கு உப்பே இல்லை. சமைத்தது வளவுத் தண்ணீரில், உப்புப் போட்டது தோட்டத் தண்ணீரின் பழைய கணக்கில். முழுக்கச் சாப்பிட்டேன்.

அண்ணை வரவில்லை. அழைத்தேன், எடுக்கவில்லை.

யூலை 19, சனி

ஆறு மணிக்கு மோட்டார்சைக்கிள் சத்தம். அண்ணை. பின்னால் கட்டிய பெட்டி நிறையப் போத்தல். சோடாப் போத்தல், நெல்லிரசப் போத்தல், ஒன்று சாராயப் போத்தல். எல்லாவற்றிலும் தண்ணீர்.

"இந்த வருசம் நான் பூட்டினது, எங்கடையை விட்டால் பத்துப் பம்ப். பத்துக் கிணத்திலையும் அள்ளிக்கொண்டு வந்திட்டன்."
கண் சிவந்திருந்தது. நித்திரை இல்லைப் போல.
"வெயில் சும்மா கிடைக்குது, விடாமல் இறையுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். ஒவ்வொரு வீட்டிலையும் சொன்னனான். முதல் நீ பார். பிறகு நானே போய்ச் சொல்லுறன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிணற்றடியில் போய் முகம் கழுவினேன்.

திரும்பி வந்தால், நேற்றிலிருந்து என்னோடு கதைக்காத அம்மா போத்தல்களுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருக்கிறார். பிளாஸ்ரர் கிழித்து ஒட்டி, அண்ணை சொல்லச் சொல்லப் பெயர் எழுதுகிறார். எழுத முதல் ஒவ்வொன்றிலும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டு இரண்டு வரிசையாக அடுக்குகிறார். ஒரு வரிசையில் ஆறு, மற்றதில் நாலு.

"இந்த நாலையும் முதல் பார்," என்றார். என்னைப் பார்க்கவில்லை.
"ஓம் அம்மா."
பத்துப் போத்தலையும் பையில் வைத்தோம். அம்மா பையின் வாயைக் கட்டினார். பிறகு கேட்டார். கோபமாக இல்லை, அறிய வேண்டும் போல.
"ஸ்பெஷல் எடுத்திருந்தால் உந்த வேலையைச் செய்திருக்கமாட்டியோ?"
"தெரியாது அம்மா."
"எனக்கும் தெரியேல்லை," என்று பையைத் தூக்கி என் தோளில் மாட்டினார். "பஸ் வரப் போகுது. ஓடு."